லிங்கர் கேட்ட சொல்

அந்த கீபோர்டை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் குமட்டும். கெரோப்போக் என்கிற மீன் அப்பளம் தின்ற விரல்களோடு ஒருவர் அதைத் தட்டிக்கொண்டிருந்தார். கழுத்தில் டை, கையில் தங்கநிற வாட்ச், அறை முழுக்க அவருடைய சென்ட் வாசம். என் நாற்காலியில் உட்கார்ந்து, என் மேசையில் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, எண்ணெய் மினுங்கும் விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடிக் குத்தினார். உட்கார வேறு நாற்காலி இல்லாமல் நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

"எங்க லைப்ரரில ஒரு கோளாறும் இல்ல லா. நீ மேக்ஃபைல் எழுதத் தெரியாம எழுதியிருக்க," என்றார்.

திரையில் அன்டிஃபைன்ட், அன்டிஃபைன்ட் என்று வரிவரியாக ஓடியது. அவர் அதைப் படிக்கக்கூட இல்லை. மறுபடியும் அதே கட்டளையை அடித்தார். மறுபடியும் அதே வரிகள். விரலைச் சூப்பிவிட்டு இன்னொரு தடவை அடித்தார்.

தொண்ணூறுகளின் நடுவில், மலாக்காவில் பத்து பெரண்டாம் என்ற வட்டாரத்தில், ஐசி என்கிற மின்னணுச் சில்லு செய்யும் ஒரு தொழிற்சாலையில் நான் வேலை பார்த்தேன். வீடு டுரியான் துங்கால் பக்கம் ஒரு தோட்டம். அப்பா செம்பனைப் பழம் ஏற்றும் லோரி ஓட்டினார். டிப்ளோமா முடித்துவிட்டு வந்த எனக்கு டெஸ்ட் டிப்பார்ட்மெண்டில் இடம் கிடைத்தது. தயாராகி வரும் ஒவ்வொரு ஐசிக்குள்ளும் மின்சாரம் செலுத்தி, நல்லதா கெட்டதா என்று பார்க்கும் இயந்திரங்கள் அங்கே வரிசையாக இருந்தன. அவற்றுக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிற புரோகிராம்களை நானும் என் பக்கத்து மேசைச் சீனத் தோழியும் சி மொழியில் எழுதினோம். அவள் மலாக்கா டவுன்காரி. என்னோடு பாதி மலாய், பாதி இங்கிலீஷ் பேசுவாள். சத்தமாகச் சிரிப்பாள். யாருக்கும் பயப்பட மாட்டாள்.

எங்களுக்கு மேலே இருந்தவர் ஒரு தமிழர். சீனியர் எஞ்சினியர். அவரும் தோட்டத்தில் பிறந்து படித்து வந்தவர்தான். எங்கள் தோட்டத்துக் கோவில் திருவிழாவுக்கு வந்து, மேடையில் ஏறி, "நம்ம புள்ளைங்க கம்ப்யூட்டர் படிக்கணும்" என்று பேசிவிட்டுப் போவார். அப்பாவுக்கு அவர் மேல் அவ்வளவு மரியாதை. என்னை அவர் 'தங்கச்சி' என்றுதான் கூப்பிடுவார். முதல் நாளே, "நம்ம ஆளுங்க நாலு பேரு உள்ள வந்தாத்தான் தங்கச்சி நமக்குப் பலம்," என்றார். என்னை இந்த வேலைக்கு எடுத்ததும் அவர்தான். நான் அவரை நம்பினேன். நம்பாமல் இருக்க அன்றைக்கு எனக்கு ஒரு காரணமும் இல்லை.

பெரிய புரோகிராமை யாரும் ஒரே மூச்சில் எழுதுவதில்லை. துண்டு துண்டாக எழுதுவோம். ஒவ்வொரு துண்டும் தனியாகக் கம்பைல் ஆகும், அதாவது இயந்திர மொழிக்கு மாறும். ஒரு துண்டு, இன்னொரு துண்டில் இருக்கும் ஃபங்ஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிடும். கடைசியில் லிங்கர் என்ற புரோகிராம் வந்து, யார் யாரைக் கூப்பிட்டிருக்கிறார்கள், அந்த ஆள் எங்கே இருக்கிறான் என்று தேடி எல்லாவற்றையும் ஒன்றாக இணைக்கும். ஆளைக் காணவில்லை என்றால், அந்தப் பெயர் அன்டிஃபைன்ட் என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். எதை எதோடு சேர்க்க வேண்டும் என்று நாம் எழுதி வைக்கிற குறிப்புதான் மேக்ஃபைல். அடிக்கடி தேவைப்படும் துண்டுகளைக் கம்பைல் செய்து ஒரே கட்டாகக் கட்டி வைத்தால் அதுதான் ஸ்டாட்டிக் லைப்ரரி. அந்தக் கட்டை வாங்குகிறவன் அதைப் பயன்படுத்தலாம். உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று படிக்க முடியாது.

நாங்கள் இரண்டு பேரும் அப்படி ஒரு லைப்ரரி செய்து வைத்திருந்தோம். எல்லா இயந்திரமும் அதை வைத்துத்தான் ஓடியது. ஒரு நாள் எஞ்சினியர் வந்து, "தங்கச்சி, ஒரு காப்பி குடு. ஏதாச்சும் ஆயிடுச்சின்னா சேஃப்டிக்கு என்கிட்ட இருக்கட்டும்," என்றார். எங்கள் ஃபோல்டரை அப்படியே டிஸ்கெட்டில் போட்டுக் கொடுத்தேன். அவர் கேட்டார், கொடுத்தேன், அவ்வளவுதான்.

அப்புறம் சில மாதம் கழித்து எல்லாரையும் மீட்டிங் ரூமுக்குக் கூப்பிட்டார்.

"நம்ம கோட் ஸ்டாண்டர்டு இல்ல. ஆளாளுக்கு இஷ்டத்துக்கு எழுதியிருக்கோம். ஆடிட்ல மாட்டிக்குவோம். கேஎல்ல ஒரு கம்பெனி புரொஃபெஷனலா ஒரு லைப்ரரி செஞ்சி விக்கிறாங்க. அத வாங்குறோம்," என்றார்.

என் தோழி மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள். வெளியே வந்ததும், "இஷ்டத்துக்கு எழுதினோமாம். ஒரு வருஷமா லைன் எதில ஓடுது?" என்று மலாயில் பொரிந்தாள். எனக்கும் எரிச்சல்தான். ஆனாலும், நாம் என்ன பெரிய படிப்பா படித்தோம், வெளியே இன்னும் நன்றாக எழுதுகிறவர்கள் இருக்கலாம் என்று நான் என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

கோலாலம்பூரிலிருந்து பளபளவென்று அட்டைப் பெட்டியில் வந்தது அந்த லைப்ரரி. உள்ளே டிஸ்கெட்டும் தடித்த ஒரு மேனுவலும் இருந்தன. பாதிப் பக்கங்களில் படம்தான். பழையதை எடுத்துவிட்டு இதைச் சேர்க்கும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். ஒரு சோதனை இயந்திரத்தை இதற்காகவே லைனிலிருந்து கழற்றி நிறுத்தியிருந்தார்கள். அதனால் புரொடக்‌ஷன்காரர்கள் என் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் முறைத்தார்கள்.

முதலில், லைப்ரரியையே காணவில்லை என்றது லிங்கர். மேனுவலில் சொன்ன இடம் தப்பு. இடத்தைச் சரியாகக் காட்டினேன். அடுத்து, இந்தக் கட்டுக்குப் பொருளடக்கம் இல்லை என்றது. யாரோ வேறு இயந்திரத்தில் கட்டி, அப்படியே நகல் எடுத்திருக்கிறார்கள். பொருளடக்கத்தை நானே உண்டாக்கினேன். காசு கொடுத்து வாங்கிய பொருளை வாங்கினவளே செய்து முடிக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகுதான் அந்த அன்டிஃபைன்ட் வரிகள் ஓட ஆரம்பித்தன. நான் கூப்பிட்ட ஃபங்ஷன் ஒன்றுகூட இல்லையாம். பெயர்களை ஒப்பிட்டேன், எழுத்துப் பிழை பார்த்தேன், மேனுவலை முதலிலிருந்து படித்தேன். ஒன்றும் நகரவில்லை.

எஞ்சினியரிடம் போய்ச் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. "வாங்குனவங்க எல்லாருக்கும் ஓடுதாம். உனக்கு மட்டும் ஏன் ஓடல?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். பிறகுதான் விற்ற கம்பெனியிலிருந்து அந்த டை கட்டிய ஆளை வரவழைத்தார். அவர் வந்து செய்தது, என் கீபோர்டை நாசம் செய்ததும் என் மேக்ஃபைலைத் திட்டியதும்தான். தேத்தண்ணி குடிக்க எஞ்சினியரோடு கேண்டினுக்குப் போனவர் திரும்பி வரவே இல்லை. அப்படியே காரேறிப் போய்விட்டாராம்.

டிஷ்யூவில் தண்ணீர் தொட்டு ஒவ்வொரு எழுத்தாகத் துடைத்தேன். கெரோப்போக்கின் மீன் வாடை போகவில்லை. விசைகளுக்கு நடுவே துகள்கள் விழுந்து கிடந்தன. கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினேன். தோழி பார்த்துவிட்டு, "கோத்தோர்," என்று மூக்கைப் பிடித்துக்கொண்டாள். அசிங்கம் என்பதற்கு மலாயில் அதைவிடப் பொருத்தமான சொல் இல்லை.

துடைத்து முடித்து உட்கார்ந்தபோதுதான் கட்டளை வரியைப் பொறுமையாகப் பார்த்தேன். மேனுவல் சொன்னபடி லைப்ரரியின் பெயரை முன்னால் போட்டு, என் புரோகிராமைப் பின்னால் போட்டிருந்தேன். எங்கள் லிங்கர் இடமிருந்து வலமாக ஒரே ஒரு தடவைதான் பார்த்துக்கொண்டு போகும். லைப்ரரியிடம் வரும்போது இன்னும் யாரும் எதையும் கேட்கவில்லை, அதனால் ஒன்றையும் எடுக்காமல் தாண்டிவிடுகிறது. பிறகு என் புரோகிராம் கேட்கும்போது கொடுக்க ஆளில்லை. இதை எங்கள் பழைய லைப்ரரியில் நாங்கள் சரியாகத்தான் செய்திருந்தோம். அச்சடித்த மேனுவலை நம்பி நான் வரிசையை மாற்றியிருந்தேன். லைப்ரரியின் பெயரைக் கடைசிக்குத் தள்ளி, என்டரைத் தட்டினேன்.

ஓடிக்கொண்டிருந்த வரிகள் எல்லாம் மறைந்துவிட்டன. ஒரே ஒரு வரி மட்டும் மிஞ்சியது. காணவில்லை என்று லிங்கர் ஒரே ஒரு பெயரைச் சொன்னது. முன்னால் ஓர் அடிக்கோடு. அதையடுத்து, ஆங்கில எழுத்துகளில், அலசு.

நான் அதை உடனே படித்துவிட்டேன் என்று சொல்ல முடியாது. கண் பார்த்தது. மனசுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அந்தப் பெயரை வைத்தது நான். ஒரு ஐசியைச் சோதித்து முடித்ததும் அதன் அளவுகள் நினைவகத்தில் தங்கியிருக்கும். துடைக்காமல் அடுத்த ஐசியைச் சோதித்தால் பழைய அளவு புதியதோடு கலந்துவிடும். துடைப்பதற்கு ஒரு ஃபங்ஷன் எழுதினேன். கிளியர், ரீசெட், ஃபிளஷ் என்று எல்லாப் பெயரையும் இயந்திரத்தைச் செய்தவர்கள் ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தார்கள். யோசித்துப் பார்த்துவிட்டு, தட்டை அலசுகிற மாதிரிதானே என்று 'அலசு' என்று வைத்தேன். தோழிகூட அப்போது அதன் அர்த்தத்தைக் கேட்டாள். "பிலாஸ்" என்று மலாயில் சொன்னதும் சிரித்துவிட்டு விட்டுவிட்டாள். அந்த ஃபங்ஷனை வேறு வேலைகளுக்கும் பயன்படுத்தியதால் அதன் ஃபைலை மட்டும் தனியாக, பொது ஃபோல்டரில் வைத்திருந்தேன்.

கேஎல்லிலிருந்து, பளபளக்கும் பெட்டியில் வந்த லைப்ரரி என்னிடம் 'அலசு' எங்கே என்று கேட்டது.

தோழியின் தோளைத் தொட்டேன். அவள் திரும்பிப் பார்த்தாள். திரையைக் காட்டினேன். சிரிக்க ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். "இது நம்ம பிலாஸ் தானே? இது அவங்க லைப்ரரிக்குள்ள ஏன் இருக்கு?" என்றாள். கேட்டுவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள்.

லைப்ரரிக்குள் இருக்கும் பெயர்களை எல்லாம் காட்டுகிற ஒரு கட்டளை உண்டு. எங்கள் பழைய லைப்ரரியையும் புதியதையும் அதில் போட்டு, அச்சடித்து, இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டோம். வெளியே தெரிகிற ஃபங்ஷன்களின் பெயருக்கு முன்னால் அவர்கள் கம்பெனியின் எழுத்துகளை ஒட்டியிருந்தார்கள். உள்ளே ஒன்றையொன்று கூப்பிடுகிற பெயர்களைத் தொடவே இல்லை. வரிசைகூட மாறவில்லை. 'கேலிப்ரேட்' என்பதை என் தோழி ஓர் எழுத்து கூடுதலாகப் போட்டு, தப்பாக எழுதியிருந்தாள். அந்தத் தப்பு அப்படியே அங்கேயும் இருந்தது. அவள் பேனாவை எடுத்து அதைச் சுற்றி வட்டம் போட்டாள்.

நடந்தது புரிந்துவிட்டது. டிஸ்கெட்டில் நான் கொடுத்த ஃபோல்டரை அப்படியே கட்டி விற்றிருக்கிறார்கள். அலசு வேறு ஃபோல்டரில் இருந்ததால் அவர்கள் கைக்குக் கிடைக்கவில்லை. கட்டுக் கட்டும்போது எது குறைகிறது என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியை லிங்கர்தான் கேட்கும். அதை ஒரு தடவைகூட அவர்கள் ஓட்டிப் பார்க்கவில்லை. திருடினதைச் சரிபார்க்கிற சிரமத்தைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. எனக்குக் கோபம் வருவதற்கு முன்னால் அருவருப்புதான் வந்தது. அழுக்குத் துணியைக் கையால் தொட்டுவிட்ட மாதிரி ஓர் உணர்வு.

தாள்களை எடுத்துக்கொண்டு எஞ்சினியர் அறைக்குப் போனேன். அவர் கதவைச் சாத்தச் சொன்னார். தாளைப் பார்த்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அவர் பதறியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"அந்த ஒரு ஃபைல்தான தங்கச்சி இல்ல? அதக் குடுத்துடு. லிங்க் ஆயிடும்," என்றார்.

"சார், இது எங்க கோட்."

"உங்க கோட் இல்ல. கம்பெனி கோட்."

"அப்ப கம்பெனி அத மறுபடியும் காசு குடுத்து ஏன் வாங்கணும்?"

அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். குரலை இறக்கினார். அந்தக் குரலைத்தான் என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. கோவில் மேடையில் பேசுகிற அதே கனிவு.

"இங்க பாரு. வந்தாரே, அவரு என் மச்சான். புதுசா கம்பெனி ஆரம்பிச்சிருக்காரு. நம்ம இனத்துல எத்தன பேரு சொந்தமா தொழில் பண்றான்? சொல்லு. நம்மளே நம்ம ஆள விட்டுக் குடுத்தா யாரு தூக்கி விடுவா? நாளைக்கு அங்க உனக்கும் ஒரு இடம் இருக்கும். தோட்டத்துலேருந்து வந்தவங்க நாம. மத்தவங்க முன்னால இதப் பெருசு பண்ணாத."

'நம்ம' என்று அவர் சொல்லச் சொல்ல எனக்கு உடம்பெல்லாம் கூசியது. திருடியதைவிட, அந்தச் சொல்லை எடுத்து என் வாயில் துணி மாதிரி அடைக்கப் பார்த்ததுதான் என்னைக் குமட்டவைத்தது. அப்பா மேடைக்கு முன்னால் நின்று கை தட்டியது ஞாபகம் வந்தது.

"நான் குடுக்க மாட்டேன் சார்," என்றேன். தாள்களை எடுத்துக்கொண்டேன்.

"யோசிச்சிக்கோ," என்றார். முகம் அதே கனிவோடுதான் இருந்தது.

தொழிற்சாலையின் மேனேஜர் அதிகம் பேசாத ஒரு சீனர். அவரிடம் போகலாம் என்று தோழிதான் சொன்னாள். இரண்டு பேரும் சேர்ந்தே போனோம். அவர் தாள்களை வாங்கி நிதானமாகப் பார்த்தார். காணாமல் போன அந்தப் பெயரைக் காட்டி, "இது என்ன வார்த்தை?" என்று கேட்டார். தமிழ் என்றேன். "கேஎல்காரர் எழுதினதில் உன் தமிழ் எப்படி வந்தது?" என்றார். அதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தோம் என்றாள் தோழி. அவர் தாள்களை மேசையில் தட்டி ஒழுங்குபடுத்தினார்.

"லைன் எப்போ ஓடும்?" என்று கேட்டார்.

"பழைய லைப்ரரி என்றால் இன்றைக்கே ஓடும்."

"சரி, பழையதைப் போடு. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்."

பழையதைப் போட்டோம். கழற்றி வைத்திருந்த இயந்திரம் மத்தியானத்துக்குள் லைனுக்குத் திரும்பியது. விசாரணை வரும், கூப்பிட்டுக் கேட்பார்கள் என்று நாங்கள் காத்திருந்தோம். ஒருவரும் கூப்பிடவில்லை.

கொஞ்ச நாள் கழித்து இன்னொரு பெட்டி வந்தது. இரண்டாவது பதிப்பாம். எஞ்சினியரே என் மேசையில் கொண்டுவந்து வைத்தார். "பக் சரி பண்ணி அனுப்பிட்டாங்க. போட்டுப் பாரு," என்றார். போட்டேன். முதல் தடவையிலேயே, ஒரு முனகல் இல்லாமல் லிங்க் ஆனது. பெயர்களைப் பார்க்கும் கட்டளையை ஓட்டினேன். அலசு இல்லை. அந்த இடத்தில் 'வாஷ்' என்று இருந்தது. பொது ஃபோல்டரைத் திறக்க எங்கள் டிப்பார்ட்மெண்டில் எல்லோருக்கும் அனுமதி உண்டு. யார் எடுத்துக் கொடுத்தார்கள் என்று நான் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. 'கேலிப்ரேட்' எழுத்துப் பிழையையும் திருத்தியிருந்தார்கள்.

மேனேஜரிடம் மறுபடியும் போனேன். அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை. "கான்ட்ராக்ட் கையெழுத்தாகிவிட்டது. இப்போது ஓடுகிறது இல்லையா? ஓடினால் போதும்," என்றார். வெளியே வந்து, கேண்டினுக்குப் பின்னால், எண்ணெய்ப் பிசுக்கு நாறும் சாக்கடை ஓரமாகவே கொஞ்ச நேரம் நின்றேன். உள்ளே போவதைவிட அந்த நாற்றம் தேவலையாக இருந்தது.

வேலையை விடப்போகிறேன் என்று வீட்டில் சொன்னபோது அப்பா கையில் லோரிச் சாவி இருந்தது. "அவரு நம்ம புள்ளைங்களுக்கு நல்லது செய்றவராச்சே. நீ ஏதும் தப்பா புரிஞ்சிக்கிட்டியா?" என்றார். அப்பாவுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனாலும் முதலிலிருந்து, ஒன்று விடாமல் சொன்னேன். அலசு என்ற இடம் வந்ததும் அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நீ வச்ச பேரா?"

"ஆமாம்ப்பா."

சாவியை ஆணியில் மாட்டினார். "அப்ப தெனமும் போய் அந்த மூஞ்சில ஏன் முழிக்கிற? நின்னுடு," என்றார். அதற்குப் பிறகு எஞ்சினியரைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சே இல்லை. அடுத்த திருவிழாவில் எஞ்சினியர் மேடையேறியபோது அப்பா எழுந்து வெளியே போய் நின்றார் என்று பக்கத்து வீட்டு அக்காதான் சொன்னார்.

எனக்கு வேறொரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. கிளம்புவதற்கு முந்திய வாரம் டிப்பார்ட்மெண்டில் விருந்து வைத்தார்கள். வேண்டாம் என்று சொல்லியும் விடவில்லை. உம்பாயில், கடலோரக் கடையில் நீள மேசை போட்டிருந்தார்கள். சுட்ட மீன், நண்டு, இறால் என்று தட்டு தட்டாக வந்தது. எஞ்சினியர் எழுந்து நின்று பேசினார். "எங்க தங்கச்சி எங்க போனாலும் நல்லா இருக்கணும். நம்ம டிப்பார்ட்மெண்டுக்கு இந்தப் புது லைப்ரரியக் கொண்டு வந்ததே தங்கச்சிதான்," என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அவருக்கு வெட்கமே இல்லை. அப்படி ஒரு மனிதரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பேசி முடித்து என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். ஓர் இறாலை எடுத்து, தலையைத் திருகி, ஓட்டை உரித்து, குழம்பு வடியும் விரல்களால் என் தட்டில் வைத்தார்.

"சாப்புடு தங்கச்சி."

வெள்ளையாக அந்த இறால் தட்டில் கிடந்தது. அவர் விரல் பட்ட இடத்தில் சிவப்பாக ஒரு தடம் இருந்தது. எனக்கு வாயெல்லாம் நீர் ஊறியது, வாந்திக்கு முன்னால் ஊறுமே, அந்த மாதிரி. தட்டை அவர் பக்கம் தள்ளினேன்.

"எனக்கு வேணாம் சார். நீங்க தொட்டது," என்றேன்.

நான் மெதுவாகப் பேசியதாகத்தான் நினைத்தேன். ஆனால் மேசை முழுக்கத் திரும்பியது. தமிழ் தெரியாதவர்கள்கூடப் பார்த்தார்கள். அவர் சிரித்த முகத்தோடே உட்கார்ந்திருந்தார். காது மட்டும் சிவந்துகொண்டு வந்தது.

நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். நாலு பேருக்கு அப்பால் இருந்த என் தோழி, பாதி உடைத்த நண்டைக் கீழே போட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே கார் சாவியை எடுத்தாள். அவள் அந்தத் தொழிற்சாலையில் இன்னும் பல வருடம் இருக்க வேண்டியவள். அதைப் பற்றி அவள் ஒரு நிமிடமும் யோசித்த மாதிரி தெரியவில்லை. டுரியான் துங்கால் வரை கொண்டுவந்து விட்டாள். வழியெல்லாம் ஜன்னலைத் திறந்தே வைத்திருந்தோம்.